பிரபுவுக்கு எழுதின கல்வெட்டு

ஆரும் மோசம் போனால் மொன்றியலிலை எங்கடை சனம் முதலிலை ஐயருக்குப் போன் அடிக்கும், பேந்து மண்டபத்துக்கு அடிக்கும், அதுக்குப் பிறகு எனக்கு அடிக்கும். நான் கல்வெட்டு எழுதிறனான். தொழிலாய் இல்லை, ஆரோ ஒருக்காக் கேட்டு எழுதிக் குடுத்து, அப்பிடியே பழகிப்போச்சு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அண்டைக்கு வந்த ஆக்களின்ர கையிலை குடுக்கிற சின்னப் புத்தகம் தெரியுந்தானே? முன்மட்டையிலை செத்தவரின்ர படம், உள்ளுக்குத் தேவாரம், பிறகு அவரின்ர சரித்திரம், கடைசியிலை நன்றி நவிலல். அந்தச் சரித்திரம்தான் என்ர பகுதி.

அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. எந்த ஊர், ஆரின்ர மகன், எத்தினையாவது பிள்ளை, எந்தக் கல்லூரி, என்ன உத்தியோகம், ஆரைக் கைப்பிடிச்சவர், மருமக்கள் எந்தெந்த நாட்டிலை. பேருக்குப் பின்னாலை பட்டம் இருந்தால் அதை விட்டுப்போட்டு எழுதிப் பாருங்கோ, குடும்பம் உங்களைச் சும்மா விடாது. ஒரு மருமகன், மாமனாரின்ர பி.ஏ.யைக் கொட்டை எழுத்திலை போடுங்கோ எண்டு திரும்பத் திரும்பப் போன் அடிச்சு என்ர உயிரை எடுத்தவர். மாமனார் உயிரோடை இருக்கேக்கை ஒருக்கா வந்து எட்டிப் பாக்காத மனிசன். நான் கேட்டபடி போட்டுக் குடுத்தன். செத்தவை எத்தினை பேருக்கு என்ர கையாலை பி.ஏ. எழுதியிருக்கிறன் எண்டு எனக்கே தெரியாது. எனக்கு மட்டும் அது இல்லை.

யாழ்ப்பாணத்திலை பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, ரெண்டாம் வருசத்தோடை படிப்பு நிண்டுபோச்சு. பேந்து மொன்றியல், கலியாணம், பிள்ளையள், புவாண்ட்-கிளேரிலை ஒரு கொம்பனிக் கந்தோரிலை வேலை. சாமான் வரேல்லை, பிழையான சாமான் வந்திட்டுது எண்டு சனம் பிரெஞ்சிலையும் இங்கிலிசிலையும் பேசுற பேச்சு முழுக்க வாங்குறது நான்தான். கடைக்குட்டி பள்ளிக்கூடம் முடிச்ச வருசம் டவுன்டவுனிலை யூனிவர்சிற்றிக்குப் போய்ப் பதிஞ்சன். ஒரு தவணைக்கு ஒரு பாடம். வேலை முடிய பஸ், பிறகு மெற்றோ, கையிலை ஒரு பாண் துண்டு. ஊர்ந்து ஊர்ந்து கடைசிப் பாடத்துக்கு வந்து சேர்ந்த நேரம் பாத்துக் கந்தோரிலை சொல்லுகினம், கோடையிலையிருந்து எனக்குப் பின்னேர வேலைதானாம். பின்னேர வேலை எண்டால் பின்னேர வகுப்பு இல்லை. இந்தப் பாடத்தைப் பாஸ் பண்ணினால் பட்டம், கோட்டை விட்டால் அவ்வளவுதான்.

அந்தத் தவணை பின்னேரத்திலை எனக்குத் தோதாய் இருந்த ஒரேயொரு பாடம் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானிய அரசியல். எனக்கும் அதுக்கும் என்ன சொந்தம்? ஆனால் வேறை வழியில்லை. முதல் வகுப்பிலை புரொபசர், கியூபெக்காரி, என்ர வயசுதான் இருக்கும், தன்ர கம்பளித் தொப்பிக்குள்ளை துண்டுகளைப் போட்டுக் குலுக்கி எங்களை எடுக்கச் சொன்னா. ஆளுக்கொரு அரசியல்வாதி. அவற்றை வாழ்க்கையையும் பதவிகளையும் ஆராய்ஞ்சு எழுதோணும், பாதிக்கு மேலை புள்ளி அதுக்குத்தான். பக்கத்திலை இருந்த சென்னைப் பிள்ளைக்கு ஒரு பிரதமர் விழுந்தார். எனக்கு விழுந்தது ஆரும் கேள்விப்படாத ஒரு பிரபு. பேர் இஞ்சை வேண்டாம், எனக்கு அவர் எப்பவும் எங்கடை பிரபுதான்.

ஆனால் அவற்றை சரித்திரத்தை வாசிக்க வாசிக்க எனக்கு நல்ல பம்பலும் சிரிப்புமாய்ப் போச்சு. பெரிய இடத்துப் பிள்ளை, ரெண்டாவது மகன். மூத்தவன் அம்மை வந்து செத்ததாலை இவர் வாரிசானவர். இருபத்தொரு வயசிலை பாராளுமன்றம். எப்பிடி எண்டு கேளுங்கோ. மாமன்காரனுக்கு ஒரு சின்னத் தொகுதி சொந்தம். அங்கை வாக்குப் போடுற ஆக்கள் முழுப்பேரும் மாமன்ர காணியிலை குடியிருக்கிறவை. மாமன் கையைக் காட்டின ஆள்தான் வெல்லுவார். வகுப்பிலை பிள்ளையள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டினம். எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. எங்கடை பழைய மாணவர் சங்கத்திலை தலைவர் தெரிவு நடக்கேக்கை அவையளைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தோணும். மச்சான் பிரேரிப்பார், சகலன் வழிமொழிவார், கையைத் தட்டி முடிச்சுப்போட்டு மட்டன் றோல்ஸ் சாப்பிடப் போவினம்.

பிறகு பிரபுவுக்கு அரண்மனையிலை ஒரு உத்தியோகம் கிடைச்சுது. என்ன உத்தியோகம்? அரசன் காலமை உடுப்பு மாத்தேக்கை சட்டையை எடுத்து நீட்டுறது. சத்தியமாய்! அந்தச் சட்டைக்கு நாட்டின்ர பெரிய பெரிய குடும்பங்கள் அடிபட்டிருக்கு. சட்டை நீட்டுறவனுக்கு அரசன்ர காது கிட்ட, அதுதான் விசயம். அப்பிடிக் கொஞ்சக் காலம் இருந்து, கால்வாதம் வந்து பதவியை விட்டிட்டு நாட்டுப்புற மாளிகையிலை ஓய்வெடுத்து, தகப்பன் செத்தாப்போலை பட்டத்துக்கு வந்து, வயசான காலத்திலை மந்திரியாயும் இருந்து, பேரப்பிள்ளையள் சுத்திவர நிக்கக் கண்ணை மூடினவர். இவ்வளவும் அவற்றை பேரன் பிறகு எழுதின ஒரு தடிச்ச புத்தகத்திலை இருக்கு.

நான் அந்தப் புத்தகத்தை முன்னாலை வைச்சுக்கொண்டு எழுதத் தொடங்கினன். இங்கிலிசிலைதான். ஆனால் பழகின கை சும்மா இருக்குமோ? இன்ன பிரபுவுக்கும் இன்ன சீமாட்டிக்கும் அருந்தவப் புதல்வனாக அவதரித்து எண்டு தொடக்கம். நடுவிலை அவற்றை ஈகை, அடக்கம், விருந்தோம்பல். சகோதரிமார் எங்கெங்கை வாழ்க்கைப்பட்டவை, மருமக்கள் ஆர் ஆர், ஒண்டும் விடேல்லை. கடைசியிலை அன்னாரின் பிரிவால் நாடே ஆறாத்துயரில் ஆழ்ந்தது எண்டு முடிச்சன். மனிசன் செத்து இருநூறு வருசத்துக்கு மேலை! ஆனால் திருப்பி வாசிக்க எனக்கே கண் கலங்கிச்சுது. திறமாய் வந்திருக்கு எண்டு நினைச்சுக்கொண்டு போய்க் குடுத்தன்.

ரெண்டு கிழமையிலை தாள் திரும்பி வந்துது. பெயில். வகுப்பு முடிய புரொபசர் என்னை நிப்பாட்டி, நல்ல மரியாதையாய்த்தான் கேட்டா.

"இந்த மனிதரிடம் ஒரு குறைகூட இல்லையே. இவர் உங்களுக்கு என்ன உறவு?"

எனக்குக் காதெல்லாம் சுட்டுது. அவவே மேலை சொன்னா. "இது ஆய்வு இல்லை, இரங்கல் உரை. நல்ல இரங்கல் உரை. ஆனால் இவரிடம் நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை." பிறகு, இன்னொருக்கா எழுதலாம் எண்டா. மூண்டு கிழமைக்குள்ளை திருப்பி எழுதி, எல்லாருக்கும் முன்னாலை நிண்டு சொல்லவும் வேணும். அதோடை கடைசி.

வீட்டை வந்து சொல்ல என்ர மனிசன் சோபாவிலை உருண்டு உருண்டு சிரிக்கிறார். "இஞ்சாரும், நீர் எழுதின கல்வெட்டு பெயிலானது இதுதான் முதல்தரம். இவ்வளவு நாளும் செத்த ஆக்கள் ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லையே!"

"பல்லைக் காட்டாதேங்கோ!" எண்டு கத்திப்போட்டன். "உங்களுக்கென்ன? ரெண்டாந்தரமும் என்ர படிப்பு அரைவாசியிலை நிக்கப்போகுது."

மனிசன் டக்கெண்டு சிரிப்பை நிப்பாட்டிப்போட்டு, போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து வைச்சார். நான் தொடவே இல்லை. கோவம் பிரபுவிலையோ, புரொபசரிலையோ, என்னிலையோ எண்டு எனக்கே தெரியேல்லை. மூண்டு பேரிலையும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேரன்ர புத்தகத்தை விரிச்சு வைச்சுக்கொண்டு குந்தியிருக்கிறன், ஒரு வசனமும் ஓடேல்லை. ஆத்துக்கு அங்காலை புரோசார்ட்டிலையிருந்து போன் வருது. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா மோசம் போனவ, அவவின்ர மகள் கல்வெட்டுக்கு விபரம் சொல்ல எடுத்திருக்கிறா. ஊரிலை ரீச்சராய் இருந்தவ, அதை வடிவாய் எழுதச் சொன்னா. எழுதிறன் எண்டன்.

"பேந்து அன்ரி, அம்மா இஞ்சை வந்து டவுன்டவுனிலை றெஸ்ரோரண்ட் குசினியிலை கோப்பை கழுவினதொண்டும் வேண்டாம். சுகயீனம் காரணமாக ஓய்வாக வாழ்ந்தார் எண்டு போடுங்கோ."

"ஓம் பிள்ளை, போடுறன்" எண்டு சொல்லிக்கொண்டே கண்ணைக் கீழை விடுறன். முன்னாலை கிடக்கிற புத்தகத்திலை அதே வசனம். எங்கடை பிரபு சுகயீனம் காரணமாகப் பதவியைத் துறந்து ஓய்வாக வாழ்ந்தார்.

எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. எட விசரி! இது சரித்திரப் புத்தகமே இல்லை, இது கல்வெட்டு! எட்டுப் பக்கக் கல்வெட்டை எண்ணூறு பக்கத்துக்கு எழுதி வைச்சிருக்கிறான் பேரன். நான் அதைப் பாத்து இன்னொரு கல்வெட்டு எழுதியிருக்கிறன். கல்வெட்டிலை சுகயீனம் எண்டால் என்ன எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்? மகன் ஜெயிலிலை இருந்தால் தொழில் நிமித்தம் வெளியூரில் எண்டு எழுதுவம். கோயில் கொமிற்றியிலை அடிபட்டு வெளியிலை வந்தவரை ஆன்மீகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார் எண்டு எழுதுவம். வசனம் எங்கை வழவழ எண்டு போகுதோ அங்கை ஆரோ ஒரு மகளோ பேரனோ போன் அடிச்சிருக்கினம். பிரபுவுக்குக் கால்வாதம் வந்த மாதம் எதெண்டு பாத்தன். மாசி.

சனிக்கிழமை விடிய யூனிவர்சிற்றி லைபிறரிக்குப் போயிட்டன். வெளியிலை பனி கொட்டுது. அந்தக் காலத்துப் பத்திரிகையளைக் கொம்பியூட்டரிலை ஏத்தி வைச்சிருக்கினம். அந்த மாசியை எடுத்து ஒவ்வொரு நாளாய்த் தட்டிக்கொண்டு போனன். எழுத்து எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி, கண் பூத்துப் போச்சு. மத்தியானத்துக்குக் கிட்ட ஒரு சின்னச் செய்தி. எங்கடை பிரபு தன்ர நாட்டுப்புறத்திலை அயலிலை உள்ள கனவான்களோடை குதிரையிலை நரி வேட்டைக்குப் போய் நல்லாய் ஓடினாராம்.

கால்வாதக்காரன் குதிரையிலை ஓடுறான்! நான் கிக்கிக்கி எண்டு சிரிக்கத் தொடங்க, அங்காலை இருந்த பெடியன் காதிலை மாட்டினதைக் கழட்டிப்போட்டு என்னைப் பாக்கிறான். பாக்கட்டும். அப்ப காலிலை வருத்தமில்லை எண்டால் ஏன் பதவி போனது? அதுக்கு முந்தின கிழமைகளைத் துழாவினன். வந்துது.

அரசாங்கத்தைக் கிழிச்சு எழுதின ஒரு பத்திரிகையின்ர ஆக்களைப் பிடிக்க, ஒரு மந்திரி பேர் எழுதாத பிடியாணை குடுத்திருக்கிறார். பேர் இல்லை. ஆரைப் பிடிக்கிறதெண்டு பிடிக்கப் போறவன்தான் தீர்மானிக்கிறது. இது சட்டவிரோதம் எண்டு பாராளுமன்றத்திலை பிரேரணை வந்துது. அரசனுக்கு அது துண்டாய்ப் பிடிக்கேல்லை. பிரேரணை கொஞ்சத்திலை தோத்துப்போச்சு. ஆனால் அரசனின்ர சம்பளத்திலை இருந்துகொண்டே எழும்பி அந்தப் பிரேரணையின்ர பக்கம் போன ஆக்களின்ர பேரைப் பத்திரிகை போட்டிருக்கு. அதிலை எங்கடை பிரபு. சட்டை நீட்டுற பிரபு. அடுத்த மாதமே சட்டையை வேறை ஒருத்தர் நீட்டத் தொடங்கிட்டார்.

பேரில்லாத பிடியாணை எண்டால் என்ன எண்டு எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஊரிலை ஆமிக்காரர் சுற்றிவளைப்பு எண்டு வந்து, ரோட்டிலை வரிசையாய் இருத்தி, நீ வா, நீ வா எண்டு கொண்டுபோவினம். என்ர தமையனை அப்பிடித்தான் கொண்டுபோனவை. ஒரு தாளிலையும் அவற்றை பேர் இருக்கேல்லை. அம்மாவும் நானும் முகாம் முகாமாய் ஏறி இறங்கின மாதங்களிலைதான் என்ர ரெண்டாம் வருசம் முடிஞ்சுபோச்சு. அண்ணை திரும்பி வந்திட்டார், கடவுள் புண்ணியம். படிப்புத்தான் திரும்பி வரேல்லை.

இந்த மனிசன், மாமன்ர தொகுதியிலை வந்தவன், சட்டை நீட்டினவன், அப்பிடி ஒரு பிடியாணை கூடாது எண்டு எழும்பியிருக்கிறான். வாழ்க்கையிலை அவன் செய்த ஒரேயொரு பெரிய காரியம் அதுதான். பேரனுக்கு அது வெக்கம். தாத்தா அரசனிட்டைப் பேச்சு வாங்கி வேலை போனவர் எண்டால் குடும்பத்துக்கு மரியாதை இல்லையாம், கால்வாதம் எண்டால் மரியாதையாம். எனக்கு வந்த கோவத்துக்குப் பேரன் முன்னாலை நிண்டிருந்தால் நாலு குடுத்திருப்பன்.

வெளியிலை வந்து மெற்றோவுக்குப் போக முதல், வாசலிலை நிண்டே புரோசார்ட்டுக்கு, அந்த மகளுக்குப் போன் அடிச்சன். "பிள்ளை, அம்மா கோப்பை கழுவினதை நான் போடப்போறன்" எண்டன். பிள்ளை மாட்டன் எண்டா, சனம் என்ன சொல்லும் எண்டா. "அந்தக் கையாலை தானே உங்கள் மூண்டு பேரையும் ஆளாக்கினவ? பெருமையாய்ச் சொல்லவேண்டியதை ஏன் பிள்ளை மறைக்கிறீர்?" எண்டு கேட்டன். பிறகு மூக்கை உறிஞ்சுற சத்தம் வந்துது. "சரி அன்ரி, போடுங்கோ" எண்டா.

மூண்டாம் கிழமை வகுப்புக்கு முன்னாலை போய் நிண்டன். சேலை உடுத்துக்கொண்டு போனனான், மேலை பனிக்கோட்டு. முதல் வசனமே, "இந்தப் பிரபுவுக்கு அரசியலில் தேவைப்பட்ட நேரங்களில் மட்டும் கால்வாதம் வந்தது" எண்டன். ஒருத்தன் சிரிச்சான், பேந்து முழு வகுப்பும் சிரிச்சுது. அந்தச் சிரிப்போடை என்ர பயம் போயிட்டுது. மாமன்ர தொகுதி, சட்டை, நரி வேட்டை, பத்திரிகைச் செய்தி எல்லாத்தையும் படமாய்க் காட்டினன். பேரன்ர புத்தகத்தை எப்பிடி வாசிக்கோணும் எண்டு சொல்ல எங்கடை கல்வெட்டைப் பற்றியும் சொன்னன். நான் எழுதின ஒண்டைக் கையிலை தூக்கிக் காட்டினன். அவரைச் சாமியாயும் ஆக்கேல்லை. பிற்காலத்திலை மந்திரியாகினாப்போலை அதே தொகுதியிலை தன்ர பெறாமகனை, தம்பியின்ர மகனைக் கொண்டுவந்து நிப்பாட்டினவர், அதையும் போட்டு உடைச்சன். பேரில்லாத பிடியாணைக்கு வந்தபோது, "இது என்னவென்று எனக்குத் தெரியும், என் அண்ணாவை இப்படித்தான் கொண்டுபோனார்கள்" எண்டு மட்டும் சொன்னன்.

முடிய, புரொபசர் எழும்பி வந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சா. "இப்போது இவரிடம் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவர் பதிலும் சொல்லியிருக்கிறார்" எண்டா. சென்னைப் பிள்ளை ஓடிவந்து, "ஆன்ட்டி, செம்ம! என் பிரதமரை யாரும் இனிமே கண்டுக்கவே மாட்டாங்க" எண்டு கட்டிப்பிடிச்சுது. மெற்றோவுக்குள்ளை இருக்க எனக்குச் சிரிப்பு அடங்கேல்லை. என்ர வயசையும் மறந்து பாட்டு முணுமுணுத்தன், பக்கத்திலை இருந்த மனிசி தள்ளி இருந்தா.

அந்த அக்காவின்ர அந்தியேட்டிக்கும் போனன். சாப்பாட்டு நேரம் சனம் கல்வெட்டை விரிச்சு வைச்சுக்கொண்டு கதைக்குது. நானும் அவவோடை அந்தக் குசினியிலை நிண்டனான் எண்டு ஒருத்தர் சொல்ல, எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்ததே அவதான் எண்டு இன்னொருத்தர் சொல்லுறார். மகளைச் சுத்தி ஆக்கள். பிள்ளை தாயைப் பற்றித் தனக்குத் தெரியாததெல்லாம் கேட்டுக்கொண்டு நிண்டுது, முகத்திலை அழுகையும் பெருமையும். என்னைக் கண்டிட்டு வந்து இன்னொரு கரண்டி பாயாசம் விட்டா.

பெறுபேறு வந்த அண்டைக்கு நான் கந்தோரிலை. போனிலை பாத்தன். வெறும் பாஸ் இல்லை, திறமான பாஸ். எழும்பி நிண்டு "ஐயோ கடவுளே!" எண்டு தமிழிலை கத்தினன், முழுக் கந்தோரும் திரும்பிப் பாத்துது. மனிசனுக்குப் போன் அடிச்சுச் சொன்னன். பின்னேரம் வீட்டை போக, மேசையிலை கேக்கு, அதிலை என்ர பேர், பேருக்குப் பின்னாலை கொட்டை எழுத்திலை பி.ஏ. அவர்தான் சொல்லிப் போடுவிச்சிருக்கிறார். உயிரோடை இருக்கிற ஒருத்தியின்ர பேருக்குப் பின்னாலை அதை நான் கண்டது அண்டைக்குத்தான். கேக்கை வெட்ட மனமே வரேல்லை எனக்கு.

"இனிப் பயமில்லை" எண்டார் மனிசன், வாயிலை ஐசிங்கோடை. "நாளைக்கு உமக்குக் கல்வெட்டு அடிக்கேக்கை பெருமையாய்ப் போடலாம். வயசை மட்டும் விடுவம், என்ன?"

"இஞ்சாருங்கோ, வடிவாய்க் கேளுங்கோ" எண்டன். "ஐம்பத்தெட்டு வயசிலை எடுத்தது எண்டு போடோணும். முதல்தரம் எழுதினது பெயில் எண்டும் போடோணும். அண்ணையைப் பேரில்லாமல் பிடிச்சுக்கொண்டு போனதாலைதான் முதல் படிப்பு நிண்டதெண்டும் போடோணும். அந்த இடத்திலை ஆராவது சுகயீனம் எண்டு எழுதினியளோ, எழும்பி வருவன்."